மிஞ்சிய கோழியில் ஸ்டாக்கும் சாப்பாடும்: கோளாறு எங்கே, சரிசெய்வது எப்படி

சமைத்து மிஞ்சிய கோழி தட்டில் ஒரே பொருளாகத் தெரிந்தாலும் அடுப்படியில் அது இரண்டு பொருள். எலும்புக்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். சதையோ ஏற்கெனவே வெந்துவிட்டது; இனி அதற்குச் சூடு ஏறினால் போதும், வேகவே கூடாது. இரண்டையும் ஒரே பானையில் போட்டு ஒரே மாதிரி நடத்துவதில்தான் கீழே வரும் கோளாறுகளில் பாதி தொடங்குகின்றன.

அதனால் சாப்பிட்டு முடித்ததும், கோழி இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும்போதே உட்கார்ந்து பிரித்துவிடுங்கள். ஆறிவிட்டால் கொழுப்பு உறைந்து சதை எலும்பை விடாது. கத்தியைவிட விரல்தான் இதற்கு நல்ல கருவி. முதுகுப் பக்கம் திருப்பி, தொடை இடுப்போடு சேரும் இடத்துக்குச் சற்று மேலே தடவிப் பார்த்தால் இரண்டு சிறு குழிகள் தட்டுப்படும். அவற்றுக்குள் நாணய அளவில் இரண்டு சதைத் துண்டுகள் இருக்கும். முழுக் கோழியிலேயே மிருதுவான கறி அதுதான். பிரிக்கிறவருக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளலாம்.

ஸ்டாக் என்றால் எலும்பைத் தண்ணீரில் மெல்லக் காய்ச்சி வடிக்கும் சாறு. அதற்கு என் அடிப்படைக் கணக்கு இது: ஒன்றரை கிலோ கோழியின் எலும்பு, மூட்டு, தோல், சிறகு நுனி எல்லாம் சேர்த்து, அவை மூழ்கும் அளவுக்குக் குளிர்ந்த தண்ணீர், ஏறக்குறைய ஒன்றரை லிட்டர். சிறு தீயில் மூன்று மணி நேரம். வெங்காயம், கேரட், செலரி கடைசி ஒரு மணி நேரத்தில். உப்பு கிடையாது. இதிலிருந்து விலகும்போது என்ன ஆகும் என்பதுதான் இனி வருவது. உங்கள் பானையில் தெரியும் அறிகுறியைத் தேடி நேராக அங்கே போகலாம். முதல் பகுதியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

கோழி நன்றாகத்தான் இருக்கிறதா என்று சந்தேகம்

மூக்கை மட்டும் நம்பி இதை முடிவு செய்ய முடியாது. கடிகாரத்தைக் கேளுங்கள். சமைத்த கோழி வெளியே இருக்கக்கூடிய நேரம் மொத்தம் 2 மணி. அறை வெப்பம் 32 டிகிரி செல்சியஸுக்கு மேல் என்றால் 1 மணிதான். ஃப்ரிட்ஜில் வைத்தது என்றால் 3 அல்லது 4 நாள். அதற்குள் ஸ்டாக் வைக்க நேரம் கிடைக்காது என்று தெரிந்தால் எலும்பை அப்படியே உறையில் கட்டி ஃப்ரீசரில் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று கோழியின் எலும்பு சேர்ந்தபின் ஒரே தடவையாகக் காய்ச்சலாம்.

"எப்படியும் மூன்று மணி நேரம் கொதிக்கப் போகிறதே, எல்லாக் கிருமியும் செத்துப்போகாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. கிருமி சாகும். ஆனால் ஸ்டஃபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகள் உணவில் விட்டுப்போகும் நச்சு, கொதியில் அழியாது. இரவு முழுக்க மேசையில் இருந்த கோழியைக் கொதிக்க வைத்து மீட்க முடியாது. ருசி பார்த்துச் சோதிப்பதும் வேண்டாம்.

எலும்பை ஒட்டிய சதை இளஞ்சிவப்பாக இருந்தால் அது வேறு விஷயம். இளம் கோழியின் எலும்பு முழுதாக இறுகியிருக்காது. மஜ்ஜையின் நிறம் கசிந்து பக்கத்துச் சதையில் ஏறிக்கொள்ளும். உள்வரை 74 டிகிரி வந்து வெந்த கோழி என்றால் அந்த நிறத்துக்குப் பயப்பட வேண்டாம்.

ஸ்டாக் கலங்கலாக, பால் விட்டதுபோல் இருக்கிறது

தளதளவென்று கொதிக்க விட்டிருப்பீர்கள். கொதி வேகமானால் மேலே மிதக்க வேண்டிய கொழுப்பு பொடிப்பொடியாக உடைந்து தண்ணீரோடு கலந்துவிடும். எலும்பில் ஒட்டியிருந்த புரதத் துகளும் சேர்ந்துகொள்ளும். அதன்பின் எவ்வளவு நேரம் அடுப்பில் வைத்தாலும் அது பிரியாது.

சரியான தீ எது என்பதற்குப் பானைதான் சாட்சி. மேற்பரப்பில் ஒரு குமிழி வரும், உடையும், கொஞ்சம் இடைவெளி விட்டு வேறொரு மூலையில் இன்னொன்று வரும். அவ்வளவுதான். 85 முதல் 95 டிகிரி வரை என்பது அந்த நிலைதான். அடுப்பைச் சிம்மில் வைத்தும் அடங்கவில்லை என்றால் மூடியை முழுக்கத் திறந்துவிடுங்கள்.

மற்ற காரணங்கள்: வெந்நீரில் தொடங்கியது, அடிக்கடி கரண்டி விட்டுக் கிளறியது, வடிகட்டும்போது எலும்பை அழுத்திப் பிழிந்தது. குளிர்ந்த நீரில் தொடங்கினால் புரதம் மெல்ல உறைந்து பெரிய திரளாக மேலே வரும். கரண்டியால் அள்ளிவிடலாம். ஏற்கெனவே வெந்த கோழியில் நுரை குறைவாகத்தான் வரும், ஆனாலும் முதல் 20 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள்.

பிரஷர் குக்கரில் வைத்தவர்கள் கவனிக்க: உள்ளே அழுத்தம் இருக்கும்வரை நீர் கொதித்துப் புரளாது, அதனால் ஸ்டாக் தெளிவாகவே இருக்கும். அவசரப்பட்டு அழுத்தத்தை வெளியேற்றும் அந்த ஒரு நிமிடத்தில்தான் உள்ளே எல்லாம் பொங்கிக் கலங்குகிறது. 45 நிமிடம் வைத்து, தானாக அடங்கும்வரை விட்டுவிடுங்கள்.

கலங்கிவிட்டது, இனி என்ன? துணியில் வடிகட்டி ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்தால் வண்டல் அடியில் தங்கும், மேலாக ஊற்றிக்கொள்ளலாம். முட்டை வெள்ளைக்கருவை நுரைக்க அடித்துச் சேர்த்து மெல்லச் சூடாக்கினால் அது உறையும்போது துகளையெல்லாம் பிடித்து மேலே ஆடைபோல் கட்டும். கண்ணாடி போன்ற தெளிவு வேண்டுமென்றால் அந்த வேலை. வெள்ளை சாஸிலோ கெட்டியான சூப்பிலோ போடப் போகிற ஸ்டாக்குக்கு இத்தனை மெனக்கெடல் தேவையே இல்லை. கலங்கல் கண்ணுக்குத்தான் குறை, நாக்குக்கு இல்லை.

ஃப்ரிட்ஜில் வைத்தும் உறையவில்லை, தண்ணீராகவே இருக்கிறது

மூட்டிலும் குருத்தெலும்பிலும் தோலிலும் இருக்கும் கொலாஜன் என்ற புரதம், நீண்ட நேரச் சூட்டில் ஜெலட்டினாக மாறி நீரில் இறங்குகிறது. குளிர்ந்ததும் ஸ்டாக் அல்வாபோல் ஆடுவது அதனால்தான். ஆடவில்லை என்றால் மூன்றில் ஒன்று: தண்ணீர் அதிகம், நேரம் போதவில்லை, அல்லது போட்ட எலும்பில் மூட்டு குறைவு. வெறும் நெஞ்செலும்பை வைத்துக்கொண்டு ஜெல்லி எதிர்பார்க்க முடியாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அடுப்பில் ஒருமுறை வெந்த எலும்பு ஏற்கெனவே கொஞ்சம் ஜெலட்டினை இழந்திருக்கும். பச்சை எலும்பில் வரும் கட்டி இதில் வராது. கோழி வெந்த தட்டின் அடியில் தேங்கி உறைந்திருக்கிறதே பழுப்பு நிறச் சாறு, இழந்ததில் ஒரு பங்கு அங்கேதான் இருக்கிறது. அதைக் கழுவிக் கொட்டாமல் கொஞ்சம் வெந்நீர் விட்டுச் சுரண்டிப் பானையில் சேருங்கள்.

சரிசெய்ய: வடிகட்டிய ஸ்டாக்கை அகலமான பாத்திரத்தில் ஊற்றிச் சுண்ட விடுங்கள். எலும்பில்லாத, கொழுப்பெடுத்த ஸ்டாக் என்பதால் இப்போது கொஞ்சம் வேகமாகக் கொதித்தாலும் பரவாயில்லை. பாதியாகச் சுண்டியதும் ஒரு கரண்டி எடுத்துச் சிறு தட்டில் ஊற்றி, ஃப்ரிட்ஜில் 10 நிமிடம் வையுங்கள். தட்டைச் சாய்த்தால் மெதுவாக, தேன்போல் நகர்கிறதா? போதும். அடுத்த தடவை எலும்போடு நான்கைந்து பச்சைச் சிறகையோ இரண்டு காலையோ சேர்த்துப் பாருங்கள்.

ஒரு ஸ்பூன் வினிகர் விட்டால் எலும்பிலுள்ள சுண்ணாம்புச் சத்தெல்லாம் இறங்கிவிடும் என்கிறார்கள். இறங்குவது சொற்பம். புளிப்பு பிடிக்குமென்றால் விடலாம், சத்துக்காக வேண்டாம்.

உறையாத ஸ்டாக் கெட்டுப்போன ஸ்டாக் அல்ல. சோறு வேகவைக்க, பருப்பு வேகவைக்க அது தாராளம்.

கசக்கிறது

இதற்கு வைத்தியம் இல்லை, காரணம் மட்டும் உண்டு. கருகிய தோல். தீய்ந்த எலும்பு நுனி. முட்டைக்கோஸ், பிராக்கோலித் தண்டு, டர்னிப் வகையறா. மூன்று மணி நேரமும் உள்ளேயே கிடந்த கீரைத்தண்டும் மூலிகையும். என் பானையைக் கெடுத்தது எலுமிச்சை. கோழியின் வயிற்றுக்குள் அரை எலுமிச்சை வைத்துச் சுட்டிருந்தேன். எலும்புக்கூட்டை அப்படியே தூக்கிப் பானையில் போட்டதில் அதுவும் போய்விட்டது. தோலின் வெள்ளைப் பகுதி மூன்று மணி நேரம் ஊறிக் கஷாயமாகிவிட்டது. சர்க்கரை, கேரட், கிரீம் எல்லாம் போட்டுப் பார்த்தேன். கசப்பு அப்படியே இருந்தது, பண்டம்தான் கூடியது. இப்போதெல்லாம் வயிற்றுக்குள் விரல் விட்டுப் பார்க்காமல் எதையும் பானையில் போடுவதில்லை.

லேசான கசப்பு என்றால் நாலு பங்கு நல்ல ஸ்டாக்கில் ஒரு பங்காகக் கலந்து தீர்க்கலாம். மூக்கைச் சுளிக்க வைத்தால் கொட்டிவிடுங்கள்.

உப்பு கரிக்கிறது

உப்பிலோ மசாலாவிலோ ஊறிய கோழி என்றால் எலும்பும் தோலும் உப்பைச் சுமந்துதான் வரும். நீங்கள் ஒரு சிட்டிகைகூடப் போடாவிட்டாலும் ஸ்டாக் உப்பாகும். சுண்டவைத்தால் நீர்தான் போகும், உப்பு போகாது. ஒரு லிட்டர் அரை லிட்டரானால் கரிப்பு இரட்டிப்பு.

உருளைக்கிழங்கு போட்டால் உப்பை உறிஞ்சிவிடும் என்று சொல்லிக்கொள்கிறார்களே, அது உறிஞ்சுவது உப்புத் தண்ணீரை. மிச்சமிருக்கும் தண்ணீரில் கரிப்பு அப்படியேதான் இருக்கும். ஒரே வழி தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்வது. இல்லையென்றால் உப்பே இல்லாத சோறு, பாஸ்தா, கிழங்கு வேகவைக்கும் நீராக அதைப் பயன்படுத்துவது. அடுத்த முறை மசாலா ஒட்டிய தோலை உரித்துவிட்டு, எலும்பை வெந்நீரில் ஒரு அலசு அலசிவிட்டுத் தொடங்குங்கள்.

மேலே விரலளவு கொழுப்பு

கோளாறே இல்லை, வரம். குளிர வைத்தால் தகடாக உறையும். ஸ்டாக் ஃப்ரிட்ஜில் இருக்கும்வரை அதை அப்படியே விட்டுவிடுங்கள், மூடிபோல் காக்கும். சூடாக்கும் முன் பெயர்த்தெடுத்து வைத்துக்கொண்டால் வெங்காயம் வதக்க அதைவிட நல்ல எண்ணெய் கிடையாது.

மறுநாள் புளித்த வாடை, ஓரத்தில் குமிழிகள்

ஊசிப்போய்விட்டது. கொட்டுங்கள். ஆனால் ஏன் ஊசியது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் "நான் ஃப்ரிட்ஜில்தானே வைத்தேன்" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் சொன்னேன். ஐந்து லிட்டர் பானையைச் சூடாக அப்படியே உள்ளே வைத்துவிட்டுத் தூங்கப் போனேன். காலையில் ஓரமெல்லாம் உறைந்திருந்தது. நடுவில் கரண்டியை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது! இரவு முழுக்கக் கிருமிக்குத் தொட்டில் கட்டி ஆட்டியிருக்கிறேன். கொதியைத் தாங்கி உயிரோடிருக்கும் வித்துகள் சில கிருமிகளுக்கு உண்டு. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் அதில் ஒன்று. ஸ்டாக் மெல்ல ஆறும்போது அவை முளைத்துப் பெருகும்.

கணக்கு இதுதான்: முதல் 2 மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கு இறங்க வேண்டும், அடுத்த 4 மணி நேரத்துக்குள் 5 டிகிரிக்கு. அதற்கு வடிகட்டியவுடன் பானையைக் குளிர்ந்த நீரும் ஐஸும் நிரப்பிய தொட்டியில் வைத்துக் கிளறுங்கள். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த சுத்தமான பாட்டிலை உள்ளே இறக்கியும் கிளறலாம். அப்புறம் 5 சென்டிமீட்டருக்கு மேல் உயரம் வராத அகலப் பாத்திரங்களில் பிரித்து ஊற்றுங்கள். ஃப்ரிட்ஜில் 3, 4 நாள் தாங்கும்.

கறி சக்கைபோல் இருக்கிறது

ஸ்டாக் கொதிக்கும்போது சதையும் உள்ளே இருந்திருக்கும். அல்லது சூப் தொடங்கும்போதே கறியைப் போட்டிருப்பீர்கள். வெந்த நெஞ்சுக்கறியை மறுபடி வேகவைத்தால் இழைகள் சுருங்கி, மிச்சமிருந்த ஈரத்தையும் பிழிந்து வெளியே தள்ளும். ஸ்டாக்குக்குள்ளேயே மிதந்தாலும் கறி காயும் என்பதுதான் வேடிக்கை. தொடைக்கறியில் கொழுப்பும் கொலாஜனும் அதிகம் என்பதால் அது கொஞ்சம் பொறுத்துப்போகும்.

காய்ந்ததை மீட்க, இழைக்குக் குறுக்காகப் பொடியாக நறுக்குங்கள். நீள நீளமாகக் கிழித்தால் நார் மெல்வதுபோல் இருக்கும். நறுக்கியதைச் சுண்டிய ஸ்டாக்கிலோ வெள்ளை சாஸிலோ புரட்டிவிட்டால் நாக்கு பெரும்பாலும் ஏமாந்துவிடும். அடுத்த முறை, சூப் முழுக்கத் தயாராகிக் கொதித்துக்கொண்டிருக்கும்போது உதிர்த்த கறியைப் போட்டு இரண்டு நிமிடத்தில் இறக்குங்கள். துண்டு சிறிதாக இருந்தால் அதற்குள் உள்வரை 74 டிகிரி ஏறிவிடும். மொத்தக் கறியையும் சூடாக்காமல் அன்றைக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள்.

சூடாக்கினால் அட்டைப்பெட்டி வாடை வருகிறது

முதல் நாள் மணமாக இருந்த கோழி மறுநாள் மைக்ரோவேவில் வைத்ததும் பழைய அட்டைபோல், ஈரத் தூசிபோல் ஒரு வாடை அடிக்கும். கெட்டுப்போகவில்லை. பலர் கெட்டுவிட்டது என்று நினைத்து நல்ல கறியைக் கொட்டிவிடுகிறார்கள்.

கோழிக்கொழுப்பில், குறிப்பாகச் செல் சவ்வுகளில் இருக்கும் கொழுப்பில், காற்றோடு எளிதில் வினைபுரியும் வகை அதிகம். சமைக்கும்போது சவ்வு உடைந்து அந்தக் கொழுப்பு வெளியே வருகிறது. சதையிலுள்ள இரும்பும் விடுபட்டு அந்த வினையை முடுக்கிவிடுகிறது. ஃப்ரிட்ஜில் இருக்கும் சில மணி நேரத்திலேயே வேலை தொடங்கிவிடும். சூடாக்கும்போதுதான் மூக்குக்கு எட்டும். தொடைக்கறியில் இரும்பு அதிகம். ஆக, காய்ந்துபோவதில் நெஞ்சுக்கறி முந்தும், வாடை அடிப்பதில் தொடைக்கறி முந்தும்.

எதிரி காற்று என்று தெரிந்துவிட்டால் மருந்தும் தெரிந்துவிடும். பிரித்த கறியைப் பெரிய டப்பாவில் பரப்பி வைக்காதீர்கள். சிறிய டப்பாவில் அமுக்கி, மூழ்கும்வரை ஆறிய ஸ்டாக்கை ஊற்றி வையுங்கள். நான் இதைச் செய்யத் தொடங்கியபின் அந்த வாடையை ஏறக்குறைய மறந்தே போனேன். ஜெல்லி கட்டிய கறியைக் கரண்டியால் பெயர்த்து எடுத்து நேராகச் சூப்பில் போடலாம். வெங்காயம், பூண்டு, மிளகு, ரோஸ்மேரி போன்றவை வினையை மட்டுப்படுத்தும். அவற்றோடு சமைத்த கோழியில் வாடை குறைவு.

ஏற்கெனவே வந்துவிட்டதா? சூடாக்காமல் சாலடிலோ சாண்ட்விச்சிலோ குளிராகச் சாப்பிடுங்கள். சூடாகத்தான் வேண்டுமென்றால் பூண்டும் மிளகாயும் தக்காளியும் தாராளமாகப் போட்ட சாஸில் ஒளித்துவையுங்கள். வெறும் கறியாக மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள்.

நூடுல்ஸ் சூப்பைக் குடித்துவிட்டது

வெளியே கூழ், உள்ளே சூப் இல்லை. நூடுல்ஸை எப்போதும் தனியாக வேகவைத்துத் தனியாக வையுங்கள், கிண்ணத்தில்தான் இரண்டும் சந்திக்க வேண்டும். இரண்டு பேருக்கு 750 மில்லி ஸ்டாக், ஒரு கப் உதிர்த்த கறி, 100 கிராம் உலர் நூடுல்ஸ். உப்பு இங்கே, கடைசியில். சப்பென்று இருந்தால் இன்னும் உப்பு போடும் முன் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குறை புளிப்பில்தான் இருக்கும்.

வறுத்த சோறு குழைகிறது

சோறு சூடாக இருந்திருக்கும், அல்லது ஸ்டாக்கில் ஊறிய கறியை வடிக்காமல் போட்டிருப்பீர்கள். சமைத்தவுடன் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்த சோறுதான் உதிராக வரும். கறியை முதலில் தனியாகப் புரட்டி எடுத்துவைத்து, சோறு வறுபட்டபின் திரும்பச் சேருங்கள். சோற்றையும் வெளியே விட்டுவைக்காதீர்கள், கோழிக்குச் சொன்ன கடிகாரம் அதற்கும் உண்டு.

ஃப்ரீசரில் கண்ணாடி ஜாடி விரிசல் விட்டுவிட்டது

நீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருகும். கழுத்து குறுகாத ஜாடியாக எடுத்து மேலே 3 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். விரிசல் விட்ட ஜாடியில் இருந்த ஸ்டாக்கை வடிகட்டி மீட்கப் பார்க்காதீர்கள், கண்ணாடித் தூள் விளையாட்டல்ல. எனக்குப் பிடித்த வழி, சுண்டிய ஸ்டாக்கை ஐஸ் தட்டில் ஊற்றுவது. கட்டி ஒன்றுக்கு ஏறக்குறைய இரண்டு மேசைக்கரண்டி வரும். உறைந்ததும் உறையில் மாற்றி, தேதி எழுதுங்கள். எழுதாவிட்டால் மூன்று மாதம் கழித்து அது ஸ்டாக்கா, அன்னாசிச் சாறா என்று நக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். ருசி குன்றாமல் இருப்பது அந்த இரண்டு மூன்று மாதம்தான்.

எலும்பை இன்னொரு தடவை காய்ச்சலாமா?

ஒரு தொடை எலும்பின் நுனியை இரு விரலுக்கு நடுவே அழுத்திப் பாருங்கள். கட்டியாக இருந்தால் பாதி அளவு தண்ணீரில் இன்னும் இரண்டு மணி நேரம் வைக்கலாம். வருவது இளசான சாறுதான். அடுத்த கோழிக்குத் தண்ணீருக்குப் பதிலாக அதை ஊற்றுங்கள். சுண்ணாம்புபோல் நொறுங்கினால் அதில் ஒன்றும் மிச்சமில்லை, குப்பைக்குப் போகலாம். நாய்க்குப் போட வேண்டாம். வெந்த கோழி எலும்பு உடையும்போது கூராகச் சிதறித் தொண்டையிலும் குடலிலும் குத்தும்.